16,500 ரூபாய் கொடுத்து வாங்கிய 43 பொய்க் கட்டுரைகள்: ஆய்வு மாணவர்கள் தயவுசெய்து படியுங்கள்

"லிட்டரேச்சர் கலெக்‌ஷன் செய்து தருகிறோம், ரெஃபரன்ஸ் லிஸ்ட் ரெடியாகக் கொடுக்கிறோம்" என்று, அதாவது உங்கள் ஆய்வுக்கான கட்டுரைகளையும் நூற்பட்டியலையும் தேடித் தருகிறோம் என்று, யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இன்று மதியம் அந்தக் கடைக்கு நான்காவது முறையாகப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். பணம் திரும்ப வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். போனது 16,500 ரூபாய். ஃபெல்லோஷிப் இல்லாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

கடைப் பெயரை எழுதவில்லை. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, கீழே ஜெராக்ஸும் ஸ்பைரல் பைண்டிங்கும், மாடியில் 'ஆய்வு உதவி மையம்' என்று போர்டும் வைத்த கடை. உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். நல்ல மூலங்களை நாமே எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படிச் சரிபார்ப்பது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என் ஆய்வுத் தலைப்பு, 1920 முதல் 1940 வரையிலான தமிழ் இதழ்களில் பெண்களின் எழுத்து. பேசியது இதுதான்: 120 ரெஃபரன்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வரிக் குறிப்பு, 40 பி.டி.எஃப். முன்பணம் 8,000, கையில் கொடுக்கும்போது 8,500. சென்னை நூலகங்களில் ஆள் உட்கார்ந்து எடுக்கிறார்கள் என்றார் கடைக்காரர்.

நம்பிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரையும் இதே இடத்தில்தான் பிடிக்கிறார்கள். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி ஒரு மாதிரிப் பட்டியலைக் காட்டினார். மூன்று கட்டுரைகள், மூன்றும் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவை. "பாருங்க மேடம், எல்லாத்துக்கும் டி.ஓ.ஐ. நம்பரோட தர்றோம். பொய்யா இருந்தா நம்பர் எப்படி வரும்?" என்றார். அங்கேயே மூன்றையும் சொடுக்கிப் பார்த்தேன், மூன்றும் திறந்தன. "சரிங்கண்ணா" என்று அந்த இடத்திலேயே ஜிபே செய்தேன். டி.ஓ.ஐ. என்பது இணையத்தில் ஒரு கட்டுரைக்குப் பதிவு செய்து தரும் நிலையான அடையாள எண். 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, பதிப்பகத்தின் எண், ஒரு சாய்கோடு, பிறகு கட்டுரையின் எண் என்று வரும் ஒரு சரம். யாரும் அதைத் தட்டி எழுதிவிடலாம். அது பதிவாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மாதிரியில் மூன்று சரியாக இருந்தன. மீதி 117-ஐ யார் பார்த்தது?

பன்னிரண்டு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. அழகான பைண்டிங். மீதி 8,500-ஐயும் கட்டினேன். நெறியாளர் முதல் பக்கத்தைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார்: குடி அரசு, 18 நவம்பர் 1923. குடி அரசு ஈரோட்டிலிருந்து வெளிவரத் தொடங்கியதே 1925 மே 2-ஆம் தேதி. பிறக்காத பத்திரிகையில் ஒரு கட்டுரை, அதற்குப் பக்க எண் வேறு.

அதன் பிறகு 120-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் 12 மார்ச் 2014 தேதியிட்ட கட்டுரை ஒன்று இருந்தது. அந்த வார இதழ் சனிக்கிழமைத் தேதியிட்டு வருவது. 2014 மார்ச் 12 புதன்கிழமை. அடுத்தது, இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ, தொகுதி 61, ஆண்டு 2014. அந்த இதழுக்கு 2014-இல் நடந்தது 51-ஆம் தொகுதி. அதற்குக் கொடுத்திருந்த டி.ஓ.ஐ. 10.1016 என்று தொடங்குகிறது. அது எல்சேவியர் பதிப்பகத்தின் எண். இந்த இதழை வெளியிடுவது சேஜ், அவர்களுடையது 10.1177. ஆசிரியர் பெயர் உண்மை, இதழ் உண்மை, தலைப்பும் நம்பும்படி இருக்கிறது, அப்படி ஒரு கட்டுரை மட்டும் இல்லை. டி.ஓ.ஐ. தளத்தில் ஒட்டினால் சில எண்களுக்கு 'இல்லை' என்று வந்தது. இன்னும் சில, முழங்கால் அறுவைச் சிகிச்சை பற்றிய கட்டுரையைத் திறந்தன. இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து. ஏதோ ஒரு பக்கம் திறக்கிறது என்பதாலேயே சரி என்று விட்டுவிடுவோம்.

எண்ணிக்கை இது: உலகத்திலேயே இல்லாதவை 43. இருந்தும் ஆண்டோ தொகுதியோ பக்கமோ தப்பானவை 29. சரியானவை 48. கொடுத்த 40 பி.டி.எஃப்-இல் 31, ஷோத்கங்கா என்ற இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் ஆகியவற்றில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியவை. குறிப்புகளோ கட்டுரைச் சுருக்கங்களை அப்படியே வெட்டி ஒட்டியவை. அதை ஆய்வேட்டில் போட்டிருந்தால் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் ஒப்புமைச் சோதனையில் மாட்டியிருப்பேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத்தான் விலக்கு. அதைத் தாண்டினால் குறைந்தபட்சம் திருத்தி மறுபடி கொடுக்கச் சொல்வார்கள்.

43 எப்படி வந்தது என்பது தெளிவு. சாட்பாட் என்கிற ஏ.ஐ. உரையாடல் செயலியிடம் "இந்தத் தலைப்புக்கு நூறு ரெஃபரன்ஸ் கொடு" என்று கேட்டு ஒட்டியிருக்கிறார்கள். கட்டுரைத் தரவுத்தளம் எதையும் பார்க்காத நிலையில் கேட்டால், அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்ற கணிப்பில்தான் அது எழுதும். அதனால்தான் பெயர்கள் பொருந்துகின்றன, எண்கள் பொருந்துவதில்லை. நூலகத்தில் ஆள் உட்கார்ந்து எடுத்தது என்று சொல்லி 16,500 ரூபாய்க்கு விற்றது இதைத்தான்.

திரும்பக் கேட்கப் போனேன். முதல் நாள், "உங்க காலேஜ் நெட்ல பிளாக் ஆகியிருக்கும் மேடம்." இரண்டாவது முறை, "டேட்டாபேஸ் அப்டேட் ஆயிடுச்சு, லிங்க் மாறிடுச்சு." டி.ஓ.ஐ. என்ற ஏற்பாடே இணைய முகவரி மாறினாலும் கட்டுரை தொலையக்கூடாது என்பதற்காக வந்தது. அதைச் சொன்னதும் "சார் வெளியூர் போயிருக்கார்" என்றார்கள். மூன்றாவது முறை, குடி அரசு விஷயத்தைக் காட்டினேன். "அதெல்லாம் வைவாவில யாரு மேடம் பாக்கப்போறா?" என்று கேட்டார் கடைக்காரர். அந்தக் கேள்வியைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் பார்ப்பார்கள். பார்க்காவிட்டாலும், அடுத்து வரும் மாணவர் ஷோத்கங்காவில் என் ஆய்வேட்டைத் திறந்து அந்த 43-ஐயும் தன் ஏட்டில் எடுத்துப் போடுவார். இல்லாத கட்டுரை இப்படித்தான் இருப்பதாக ஆகிவிடுகிறது.

இன்று பணத்துக்குப் பதிலாக வேறொன்றைத் தருகிறேன் என்றார். 4,000 ரூபாய் மட்டும் சேர்த்துக் கொடுத்தால் 'யு.ஜி.சி. அப்ரூவ்டு' ஜர்னலில் ஒரு வாரத்தில் கட்டுரை போட்டுத் தருவாராம். தரமான இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. ஒரு வாரத்தில் எந்த மதிப்பீட்டாளர் படிப்பார்? ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறது என்று காட்டினார். அது இதழுக்கான அடையாள எண், தரச்சான்று இல்லை.

பில்லை எடுத்து நீட்டினேன். அதில் 'பிரிண்டிங் & பைண்டிங் சார்ஜ் ரூ.16,500' என்று எழுதியிருக்கிறது. "பிரிண்ட் பண்ணிக் குடுத்தோமே மேடம்" என்றார். பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை அதில் இல்லை. வாங்கும்போது நான் படிக்கவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். கை ஓடவில்லை. 43-க்கும் மாற்று தேட வேண்டும், 29-ஐத் திருத்த வேண்டும். அவசரத்துக்குச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

டி.ஓ.ஐ. திறக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். திறக்கும் பக்கத்தின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றும் உங்கள் வரியோடு ஒத்துப்போக வேண்டும். எண் இல்லாவிட்டால் தலைப்பை, டி.ஓ.ஐ. பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் தளத்தின் தேடலில் போடுங்கள். பழைய கட்டுரைகளுக்கும் பல தமிழ் இதழ்களுக்கும் டி.ஓ.ஐ. கிடையாது, அதனால் எண் இல்லாததெல்லாம் பொய் என்றும் முடிவு கட்டாதீர்கள். அவற்றுக்கு அந்த இதழின் பொருளடக்கப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். கூகுள் ஸ்காலரில் தலைப்புக்கு முன்னால் 'சைட்டேஷன்' என்று மட்டும் வந்தால் நம்பாதீர்கள். யாரோ எங்கோ குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம், கட்டுரை இருக்கிறது என்று அல்ல.

ஷோத்கங்காவில் ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். நூற்பட்டியல் கோப்பை முதலில் திறங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் அதையும் சரிபார்க்காமல் எடுக்காதீர்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தைப் பற்றிக் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். 2025 ஜனவரி முதல் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அதில் வருகின்றன. நான் காசு கொடுத்ததில் பாதி அங்கேயே இருந்தது. பழைய தமிழ் இதழ்களுக்கு தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூர் கன்னிமாரா, அங்கேயே இருக்கும் மறைமலை அடிகள் நூலகத் தொகுப்பு. ரோஜா முத்தையா நூலகத்தின் பட்டியலை வீட்டிலிருந்தே தேடி, எந்த ஆண்டு இதழ்கள் இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு இன்றைக்கே அழையுங்கள். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், என்னிடம் மிச்சமிருக்கும் ஆதாரம் அதுதான். இனிமேல் கொடுக்கப் போகிறவர்கள், பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்று கடையை விட்டு இறங்குவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.