பாரிமுனையில் வாங்கிய பின்னல் திரி: என் அனுபவம்

வீட்டில் மெழுகுவர்த்தி ஊற்றுகிறவர்கள் மெழுகையும் வாசனை எண்ணெயையும் தேடித் தேடி வாங்குகிறார்கள். திரி என்று வந்தால் மட்டும் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வர்த்தி கடைசிவரை எரிவதும் பாதியில் அணைவதும் திரியைப் பொறுத்ததுதான். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம். அதற்கு வர்த்தி ஊற்ற, பாரிமுனை மொத்தக் கடை ஒன்றில் பருத்திப் பின்னல் திரி வாங்கினேன். எடை போட்டுத் தருகிறார்கள்.

திரி நன்றாகவே இருக்கிறது. முறுக்கிய நூல் இல்லை, தட்டையாகப் பின்னியது. எரிய எரிய நுனி ஒரு பக்கமாக வளைந்து சுடரின் ஓரத்துக்கு வரும். அங்கே காற்று படுவதால் நுனி தானாகவே எரிந்து தீர்ந்துவிடும். 1820-களில் பிரான்சில் பின்னல் திரி வருவதற்கு முன், கருகிய நுனியை ஆள் வைத்து வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சாமி விளக்குத் திரியை மெழுகில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

ஆனால் இது எந்தப் பக்குவமும் செய்யாத பச்சைத் திரி. அப்படியே போடக்கூடாது. ஒரு கப் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி வெங்காரம் (போராக்ஸ்) கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைக்கிறேன். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிறகு கொடியில் நன்றாகக் காய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் சடசடவென்று பொரியும், ஐப்பசி மழையில் இந்த வேலையே வேண்டாம்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. உருகிய மெழுகில் திரியை முக்கியதும் அதன் உடம்பெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். நூலுக்குள் இருக்கும் காற்று அது. கடைசிக் குமிழி நிற்கும்வரை பொறுமையாக முக்கி வைத்து, எடுத்ததும் இரு முனையையும் பிடித்து இழுத்து, சில்வர் தட்டில் நேராகப் போடுங்கள். ஆறினால் குச்சி மாதிரி நிற்கும். அடியில் சின்ன வட்டத் தகரத் தகட்டை மாட்டி, டம்ளரின் நடுவில் நிறுத்தி, மேலே துணி கிளிப்பால் பிடித்துக்கொண்டால் மெழுகு ஊற்றும்போது சாயாது.

தகரத் தகட்டோடு தயாராக வரும் திரியையும் அதே டம்ளரில் எரித்துப் பார்த்தேன். மெலிசு. நடுவில் கிணறு தோண்டியதுபோல் உருகி இறங்கியது, ஓர மெழுகு அப்படியே நின்றது. பின்னல் திரியில் உருகிய மெழுகு ஓரம்வரை பரவியது. மெழுகுக்கு மேல் ஆறு மில்லிமீட்டர் நிற்கும்படி நுனியை வெட்டிவிட்டு ஏற்றினால் புகையும் இல்லை. அகலமான கிண்ணத்துக்கு ஒரே தடித் திரி போடாதீர்கள், கரி கட்டும். இரண்டு திரியாகப் போடுங்கள்.

ஒரு குறை உண்டு. திரி உருண்டையில் எத்தனை இழை என்று எழுதுவதே இல்லை. அடுத்த முறை வாங்கியது கண்ணுக்கே தெரிகிற அளவு தடிமனாக இருந்தது. கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார் கடைக்காரர். ஒன்று இல்லை. அதனால் பழைய திரியில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குகிறேன். புது உருண்டை எதுவானாலும் ஒரு டம்ளர் மட்டும் ஊற்றி எரித்துப் பார்த்துவிட்டு மீதியை ஊற்றுங்கள். விலைக்கு நல்ல சரக்கு, தாராளமாக வாங்கலாம்.