சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: பலாலியா, கட்டுநாயக்கவா?

யாழ்ப்பாணம் செல்லும் சென்னைப் பயணிகளில் பலர் இன்றும் பழக்கத்தின் காரணமாகக் கொழும்புக்கே, அதாவது கட்டுநாயக்க விமான நிலையத்துக்கே டிக்கெட் எடுக்கிறார்கள். யாழ்ப்பாண நகருக்கு அருகிலுள்ள பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, கொரோனாக் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவையும் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிவிட்டதால், அந்தப் பழக்கத்தை இப்போதாவது மாற்றிக்கொள்வது நல்லது.

வான்வழித் தூரம் பலாலிக்கு ஏறத்தாழ 355 கி.மீ., கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ 645 கி.மீ. தூரம் பாதியாகக் குறைவதால் பறக்கும் நேரமும் பாதியாகிவிடும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். பலாலிக்குச் செல்லும் ஏ.டி.ஆர். 72 விமானம் வெளியே சுழலும் இறக்கைகளால் (புரொப்பல்லர்) இயங்குவது. அது மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில்தான் பறக்கும். கட்டுநாயக்கவுக்குச் செல்லும் ஜெட் விமானங்களோ 800 கி.மீ.க்கு மேல் பறக்கக்கூடியவை. ஆகவே கால அட்டவணையில் இரண்டுக்குமே ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான் குறிக்கப்பட்டிருக்கும்.

உண்மையான வித்தியாசம் தரையிறங்கிய பிறகே தெரியும். சென்னைக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையே வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அது பலாலிக்கு மிக அருகிலேயே செல்கிறது. அப்படியானால், சேரவேண்டிய ஊரைத் தாண்டித் தெற்கே போய் இறங்கி, புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக ஏழு மணி நேரத்துக்கும் மேலாகச் சாலையில் வடக்கே திரும்பி வர நேர்கிறது. ரயிலில் போவதானால் முதலில் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்குச் செல்லவேண்டும். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரமோ அரைமணி, முக்கால் மணித் தொலைவுதான். சென்னையில் மூன்று மணி நேரம் முன்னதாகச் செல்வதையும் குடியகல்வுச் சடங்குகளையும் சேர்த்துப் பார்த்தாலும், பலாலி வழியில் ஆறு மணி நேரத்தில் வீடு சேரலாம். மற்ற வழியில் பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும்.

பலாலியின் பலவீனங்களையும் சொல்லியாகவேண்டும். விமானம் சிறியது, எழுபதுக்குச் சற்று மேற்பட்ட இருக்கைகளே உண்டு. சேவைகளும் குறைவு என்பதால், ஒரு விமானம் ரத்தானால் மறுநாள் வரை காத்திருக்க நேரலாம். கல்யாணச் சாமான்களோடு பெருங்குடும்பமாகச் செல்வோர் பெட்டிகளின் எடை வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவேண்டும். மலையகத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகிறவர்களுக்குக் கட்டுநாயக்கதான் பொருத்தம். வவுனியாவுக்குப் போகிறவர்களுக்கு, அங்கிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கி.மீ. என்பதால், பலாலியே மேல்.

தஞ்சை, புதுக்கோட்டை வட்டாரத்தினர் சென்னைக்கு வரவே தேவையில்லை. 2025 மார்ச் இறுதியில் தொடங்கிய திருச்சி–பலாலி விமானம் சுமார் 185 கி.மீ. தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் கடக்கிறது. சாமான் அதிகமுள்ள நாகைப் பகுதியினருக்கு, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், காங்கேசன்துறைக்குச் செல்லும் பயணிகள் கப்பலும் நல்ல தெரிவு. நான்கு மணி நேரக் கடற்பயணம், இறங்குமிடமும் பலாலிக்குப் பக்கத்திலேயே.