ஆர்எஸ் கியூ3 எஞ்சினா, ஜிஎல்ஏ 45 எஸ் எஞ்சினா?

இரண்டுமே வேகமான எஸ்யூவிகள். எண்களை மட்டும் பார்த்தால் மெர்சிடஸ்-ஏஎம்ஜி ஜிஎல்ஏ 45 எஸ்தான் முந்துகிறது. வெறும் 2 லிட்டர், நான்கு சிலிண்டர், 421 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). 0-100 கி.மீ. 4.3 விநாடி. 2019-இல் வந்த ஆடி ஆர்எஸ் கியூ3-க்கு 2.5 லிட்டர், ஐந்து சிலிண்டர், 400 குதிரைத்திறன், 480 நியூட்டன் மீட்டர், 4.5 விநாடி.

ஆனால் அந்த 500 எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள்: 5000 ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற கணக்கு) மேல்! ஆடியில் முழு டார்க்கும் 1950-லேயே வந்து 5850 வரை அப்படியே நிற்கிறது, அதனால் முன்னால் போகும் லாரியைத் தாண்ட லேசாக மிதித்தாலே போதும், கியர் இறங்கும் வரை காத்திருக்க வேண்டாம். எஸ்யூவி என்பது கொஞ்சம் கனமான வண்டி, அதற்கு இதுதான் பொருத்தம்.

அப்புறம் சத்தம். நான்கு சிலிண்டரில் எஞ்சின் தண்டு 180 டிகிரி சுழல்வதற்கு ஒரு வெடிப்பு, ஐந்தில் 144 டிகிரிக்கு ஒன்று. சிலிண்டர்கள் 1-2-4-5-3 என்று வெடிக்கும் அந்த வரிசையில் பிறக்கும் கரகரப்பான தாளத்தை ஸ்பீக்கரால் தர முடியாது.

ரேஸ் டிராக்கில் ஆர்பிஎம் ஊசியை மேலேயே வைத்து ஓட்டுபவர் ஏஎம்ஜியை எடுக்கலாம். தினமும் ஓட்ட என்றால் யோசிக்கவே மாட்டேன், எனக்கு ஐந்து சிலிண்டர்தான்.