ரந்தாவில் எண்ணெய் ஊற்றிய கதை

2025 தீபாவளிக்கு மலேசியாவின் ரந்தாவ் போனபோது ஊரில் பேச்செல்லாம் ஐசியும் (அடையாள அட்டை) லிட்டரும்தான். 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியக் குடிமக்கள் எல்லாருக்கும் ரோன்95 ரகப் பெட்ரோல் மானிய விலையில் லிட்டர் 1 வெள்ளி (ரிங்கிட்) 99 காசு ஆகியிருந்தது. அப்போது மாதம் 300 லிட்டர் வரை. மைகார்டும் (அதுதான் ஐசி) நடப்பில் உள்ள லைசென்ஸும் வேண்டும். என்னிடம் இருப்பது ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட். மலேசியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, ஐசியை எப்போதோ ஒப்படைத்தாயிற்று. அதனால் வாடகைக் காடிக்கு (கார்) லிட்டருக்கு ஏறக்குறைய 2 வெள்ளி 60 காசு கொடுத்தேன். 40 லிட்டருக்கு 24 வெள்ளி கூடுதல். நியாயம்தான், வரியை வேறு நாட்டில் கட்டிவிட்டு இங்கே சலுகை கேட்க முடியுமா?

பங்க்கில் பெரிய தள்ளுமுள்ளு இருக்கும் என்று நினைத்துப் போனேன். இல்லை. கவுண்டரில் ஐசியைச் செருகுகிறார்கள், மீதி எத்தனை லிட்டர் என்று பார்க்கிறார்கள், "மூணாம் நம்பர், அம்பது வெள்ளி" என்று காசைக் கட்டிவிட்டு மஞ்சள் பிடியை எடுத்துத் தாங்களே ஊற்றிக்கொள்கிறார்கள். இளசுகள் எல்லாம் கைப்பேசிச் செயலியிலேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் ஐசியை மட்டும் மெஷின் ஏற்கவே இல்லை. கவுண்டர் பெண் அதை வாங்கி, தன் சட்டை நுனியில் சிப்பை அழுத்தித் துடைத்து மறுபடி செருகினாள். ஏற்றது. "அங்கிள், சிப்பு தேஞ்சிருக்கு, பதிவிலாகாவுல மாத்திடுங்க" என்றாள். ரப்பர் பால்மரம் சீவிய கை. கார்டும் சேர்ந்து தேய்ந்திருக்கிறது.

டீசல் கதை வேறு. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் ஒரே இரவில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசு ஆனது. சித்தப்பாவுக்கு ஒரு துண்டு செம்பனை (எண்ணெய்ப்பனை) நிலமும் பழைய டீசல் வண்டியும் உண்டு. சிறுதோட்டக்காரர்களுக்கென்று அப்போது மாதம் 200 வெள்ளி உதவித்தொகை வந்தது, ஆனாலும் புலம்பல் குறையவில்லை. அவர் புலம்பலில் ஒரு விஷயம் இருக்கிறது: 2019 முதல் வண்டி டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வருவது. "நான் குலை வெட்டிப் போட்டது, எனக்கே திரும்பி வருது, விலையோட" என்கிறார்.

இத்தனைக்கும் போர்ட்டிக்சன் இங்கிருந்து அரை மணி நேரம்தான். கடலோரம் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள், இரண்டும் 1960களில் வந்தவை. எஸ்ஸோ 2012இல் பெட்ரோன் ஆனது, ஷெல்லின் ஆலை 2016இல் சீனாவின் ஹெங்யுவான் கைக்குப் போனது. ஊர்க்காரர்களுக்கு இன்னும் ஷெல், எஸ்ஸோதான். கப்பலில் கச்சா எண்ணெய் வந்து இறங்குகிறது. பெட்ரோலும் டீசலும் குழாய் வழியே டெங்கில் கிடங்குவரை போய், அங்கிருந்து லோரி ஏறி கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவுகின்றன. ஆலை பக்கத்தில் இருப்பதால் நமக்கு ஒரு காசும் குறையாது. தீபகற்பம் முழுக்க விலை ஒன்றுதான்.

எனக்கு உறுத்தியது வேறு. லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு இந்தச் சலுகை கணக்கிலேயே இல்லை. தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) மாறிய எங்கள் சித்தி வயதுப் பெண்களில் காடி ஓட்டத் தெரிந்தவர்கள் அபூர்வம். பஸ் எப்போது வரும் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 40 வெள்ளி கொடுத்தாக வேண்டும். பெட்ரோல் இறங்கிவிட்டதே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளேன் என்று சித்தி கேட்டுப் பார்த்தாராம்.

"2 வெள்ளி 5 காசுலேருந்து ஆறு காசு கொறைஞ்சதுக்கு என்னத்த கொறைக்கிறது ஆன்ட்டி?" என்றானாம்.