காறிப்போன கொழுப்பைக் குட்டித் தீவனமென்று விற்றார்கள்

பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்குக் கொழுப்பு சேர்த்த 'அதிகச் சக்தித் தீவனம்' வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

28 நாளில் தாயிடமிருந்து பிரித்த 22 குட்டிகள் என்னிடம் இருந்தன. விற்க வந்தவர் சொன்னதில் பொய் இல்லை. மாவுச்சத்தைவிடக் கொழுப்பில் இரண்டேகால் மடங்கு எரிசக்தி உண்டு. தாய்ப்பன்றியின் பாலில் தண்ணீரைக் கழித்தால் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கொழுப்புதான். "அதைக் குடித்து வளர்ந்த குட்டிக்கு இது சேராதா?" என்றார். நம்பிவிட்டேன்.

பால் கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாக இருப்பதால் சுலபமாகச் செரிக்கும். பால் நின்றதும் கொழுப்பைச் செரிக்கவைக்கும் லைபேஸ் நொதி குறைந்துவிடும், மறுபடி கூடச் சில வாரம் ஆகும். அந்த நாட்களில் தேங்காய் எண்ணெய் ஓரளவு செரிக்கும், மாட்டுக்கொழுப்பு அவ்வளவாகச் செரிக்காது. மூட்டையில் வெறுமனே 'கொழுப்பு' என்றுதான் போட்டிருந்தது. எந்தக் கொழுப்பு என்று நானும் கேட்கவில்லை.

மூட்டையைப் பிரித்ததும் பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு காறல் வாடை. கையில் அள்ளினால் கட்டிகட்டியாக ஒட்டியது. இருப்பதிலேயே சின்னக் குட்டி தொட்டியில் மூக்கை வைத்து, இரண்டு தரம் மோந்து, தலையை உதறிவிட்டுத் தண்ணீருக்குப் போய்விட்டது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பசியில் தின்னும் என்று விட்டேன். மூன்றாம் நாள் சாம்பல் நிறத்தில், எண்ணெய்ப் பளபளப்போடு கழிச்சல். மூன்று குட்டிகள் போய்விட்டன. அந்தச் சின்னதும் அதில் ஒன்று.

கால்நடை மருத்துவர் தீவனத்தை நிறுத்தச் சொன்னார். காறிய கொழுப்பு தீவனத்திலுள்ள வைட்டமின் ஈயையும் கெடுத்துவிடுமாம். பிரிக்காத இன்னொரு மூட்டையை ஆய்வகத்தில் கொடுத்தேன். கொழுப்பு காறியதைக் காட்டும் பெராக்சைடு அளவு மிக அதிகம் என்று எழுதிக் கொடுத்தார்கள். விற்றவரிடம் காட்டினால், "உங்கள் கொட்டகைச் சூட்டில் கெட்டிருக்கும்" என்கிறார். வந்த சில நாளிலேயே ஆய்வகத்துக்குப் போன மூட்டை அது! பணமும் திரும்பவில்லை.

வாங்கும் முன் எந்தக் கொழுப்பு, எத்தனை சதவீதம், என்றைக்குத் தயாரித்தது, காறாமல் இருக்க என்ன சேர்த்தார்கள் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். புரதத்தில் குட்டி வளர முக்கியமான கூறான லைசின் அளவையும் கேளுங்கள். சக்தி கூடினால் குட்டி குறைவாகத் தின்னும், அதற்குத் தக்கபடி புரதமும் கூடியிருக்க வேண்டும். ஒரு பிடி தீவனத்தில் வெந்நீர் ஊற்றி மோந்து பாருங்கள், காறல் இருந்தால் தெரிந்துவிடும்.

பழைய தீவனத்துக்கு மாற்றியபின் மிச்சம் 19 குட்டிகளும் தேறி வருகின்றன. இப்போது எந்த மூட்டை வந்தாலும் ஒரு பிடி எடுத்து, தேதி எழுதி, பாட்டிலில் மூடி வைக்கிறேன்.