அறிவிப்பும் வரவும்: ‘கிளைமேட் ஃபண்ட்ஸ் அப்டேட்’ தளம் குறித்த மதிப்புரை

நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுமதி, எண்ணெய்த் திட்டத்துக்கு ஒப்புதல், உமிழ்வு இலக்கில் பின்வாங்கல் என ஏதேனும் ஒன்றுக்காக ஓர் அரசு கடும் கண்டனத்துக்கு உள்ளாகும் வேளையில், காலநிலை நிதிக்கு, அதாவது காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்குத் தரும் உதவிக்கு, பெருந்தொகை தரப்போவதாக அதே அரசிடமிருந்து அறிவிப்பு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். மறுநாள் அந்தத் தொகையே தலைப்புச் செய்தியாகிவிடுகிறது. எழுப்பப்பட்ட கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அறிவித்த பணம் வந்து சேர்ந்ததா என்று சாதாரண வாசகர் ஒருவர் சரிபார்க்க உதவும் சேவைகள் மிகச் சிலவே உள்ளன. அவற்றுள் நான் தொடர்ந்து பயன்படுத்திவருவது, ஜெர்மனியின் ஹைன்ரிஷ் பியோல் அறக்கட்டளையின் வாஷிங்டன் அலுவலகமும் லண்டனைச் சேர்ந்த ஓ.டி.ஐ. ஆய்வு நிறுவனமும் இணைந்து நடத்தும் ‘கிளைமேட் ஃபண்ட்ஸ் அப்டேட்’ என்னும் இணையதளமாகும். இதற்குக் கட்டணம் கிடையாது. தரவுகளைக் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளவும் முடியும்.

இத்தளத்தின் உயிர்நாடி, ஒவ்வொரு நிதியத்தின் பணத்தையும் நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டுவதில் இருக்கிறது. நாடு தருவதாகச் சொன்ன தொகை, நிதியத்தின் கணக்கில் உண்மையில் செலுத்திய தொகை, திட்டங்களுக்கு ஒப்புதலான தொகை, களத்துக்கு விடுவிக்கப்பட்ட தொகை ஆகியவையே அந்த நான்கு. அரசியல் மேடைகளில் பேசப்படுவது பெரும்பாலும் முதல் நிலை மட்டுமே என்பதால், முதலிரண்டு நிலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி உண்மை வெளிப்பட்டுவிடும்.

வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் பன்னாட்டு அமைப்பான பசுமைக் காலநிலை நிதியத்துக்கு அமெரிக்கா அளித்த வாக்கைப் பாருங்கள். 2014 நவம்பரில் அதிபர் ஒபாமா 300 கோடி டாலர் அறிவித்தார். 2017 ஜனவரியில் அவர் பதவி விலகும்போது 100 கோடிதான் செலுத்தப்பட்டிருந்தது, மீதியை டிரம்ப் நிறுத்தினார். 2023 மார்ச்சில் அலாஸ்காவின் வில்லோ எண்ணெய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்துச் சூழலியலாளர்களின் கோபத்துக்கு ஆளான பைடன் அரசு, அடுத்த மாதமே ஒபாமா அறிவித்த தொகையின் மீதியிலிருந்து இந்நிதியத்துக்கு 100 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. அந்தப் பணம் வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் துபாயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் துணை அதிபர் கமலா ஹாரிஸ் அறிவித்த இன்னொரு 300 கோடி வரவே இல்லை. 2025இல் டிரம்ப் அரசு நிலுவையிலிருந்த 400 கோடியையும் ரத்து செய்தது. ஆக, இரு முறை கைதட்டல் பெற்ற 600 கோடியில் கணக்கில் ஏறியது 200 கோடி மட்டுமே. இத்தகைய இடைவெளியைக் காட்டுவதில் இத்தளத்துக்கு இணையாக எளிமையான வேறொன்றை நான் கண்டதில்லை.

எனினும், சொன்னதும் செலுத்தியதும் ஒத்துப்போனால் எல்லாம் சரி என்று வாசகர் எண்ணிவிடும் ஆபத்து இங்கே உண்டு. பசுமைக் காலநிலை நிதியத்துக்குப் பணம் தர மறுத்துவந்த ஆஸ்திரேலியாவின் டோனி அபாட் அரசு, பன்னாட்டு நெருக்குதல் முற்றியபின், 2014 டிசம்பரில் லிமா காலநிலை மாநாட்டில் 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் அறிவித்தது. அது முழுமையாகச் செலுத்தப்பட்டதால் பட்டியலில் அந்த வரி குறையற்றுத் தோன்றுகிறது. ஆனால் ஏற்கெனவே இருந்த வெளிநாட்டு உதவி ஒதுக்கீட்டிலிருந்து எடுக்கப்பட்ட பணம் அது என்பதை எந்தக் கட்டமும் சொல்வதில்லை. புதிய பணமா, பெயர் மாற்றிய பழைய பணமா என்ற கேள்விதான் இந்த விஷயத்தில் ஆகப் பெரிய கேள்வி. அதற்கு இங்கே விடை கிடைக்காது.

இதைவிடப் பெரிய குறை, தளத்தின் பார்வை, பல நாடுகள் சேர்ந்து பணம் போடும் பலதரப்பு நிதியங்களோடு நின்றுவிடுவதாகும். 2019 ஆகஸ்டில் பசிபிக் தீவு நாடுகளின் தலைவர்கள் துவாலுவில் கூடி, நிலக்கரியைக் கைவிடும்படி ஆஸ்திரேலியாவை வற்புறுத்திய நேரத்தில், பிரதமர் மாரிசன் அரசு அந்நாடுகளுக்கு ஐந்தாண்டுகளில் 50 கோடி ஆஸ்திரேலிய டாலர் காலநிலை உதவி என்று அறிவித்தது; அதுவும் இருந்த உதவித் தொகையைத் திருப்பிவிட்டதே. எவ்வளவு பணத்தை முன்வைத்தாலும் உமிழ்வைக் குறைக்கும் கடமையிலிருந்து அது விலக்குத் தராது என்னும் பொருளில் துவாலு பிரதமர் எனெலே சொபோவாகா வெளிப்படையாகவே பதில் சொன்னார். விமர்சனத்தைத் திசைதிருப்ப நிதி அறிவிப்பு எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆனால் நாட்டுக்கு நாடு நேரடியாகத் தரும் உதவி என்பதால் இத்தளத்தில் அதன் சுவடே இருக்காது.

பிரிட்டனின் கதையும் இவ்வாறே கண்ணில் படாமல் போகிறது. 2019இல் ஐந்தாண்டுகளுக்கு 1,160 கோடி பவுண்டு காலநிலை நிதி என்று முழங்கிய அரசு, இலக்கை எட்டுவது கடினமானதும் 2023இல் கணக்கிடும் முறையையே மாற்றி, மனிதாபிமான உதவியின் ஒரு பங்கையும் வளர்ச்சி வங்கிகளுக்குத் தரும் பணத்தில் கூடுதல் பகுதியையும் காலநிலை நிதியாக எண்ணத் தொடங்கியது. இந்த மாற்றத்தால் மட்டுமே சுமார் 170 கோடி பவுண்டு கணக்கில் சேர்ந்ததை, உதவித் தொகைகளைக் கண்காணிக்கும் அந்நாட்டின் தன்னாட்சி ஆணையம் 2024இல் எடுத்துக்காட்டியது. ஆசியாவில் சாக்லேட், ஐஸ்கிரீம் கடைகள் திறக்க இத்தாலி அளித்த உதவியும், வங்கதேசத்தில் அனல்மின் நிலையத்துக்கு ஜப்பான் கொடுத்த கடனும் காலநிலை நிதியாகக் காட்டப்பட்டிருந்ததை 2023இல் வெளிக்கொணர்ந்தது ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம். எது காலநிலை நிதி என்பதற்கு எல்லோரும் ஏற்ற வரையறை இல்லாதவரை, எந்தத் தரவுத் தளமும் தனித்து இப்பணியை முடித்துவிட முடியாது.

புதுப்பிப்பின் வேகமும் போதவில்லை. அறிவிப்பு அன்றைய மாலைக்குள் உலகைச் சுற்றிவிடுகிறது. சரிபார்க்கும் தரவோ மாதங்கள் கழித்தே வருகிறது, அதற்குள் கேள்வி கேட்டவர்களே வேறு விவகாரத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு வாக்குறுதியும் எந்தத் தேதியில், எந்த மேடையில் தரப்பட்டது என்று காட்டும் ஒரு நெடுவரிசையை அட்டவணையில் சேர்த்தால், அப்போது அந்த அரசு எந்த விமர்சனத்தை எதிர்கொண்டிருந்தது என்று வாசகரே ஒப்பிட்டுக்கொள்ள முடியும். தளத்தின் வடிவமைப்பு குறித்துச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, தேடியது கிடைக்கிறது.

இத்தனை குறைகளையும் மீறி இத்தளத்தை நான் பரிந்துரைக்கிறேன், குறிப்பாகச் செய்தியாளர்களுக்கும் மாணவர்களுக்கும். பசுமைக் காலநிலை நிதியம் தானே வெளியிடும் வாக்குறுதி நிலவரப் பட்டியலையும், அந்தந்த நாட்டின் வரவுசெலவுத் திட்ட ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பயன் பன்மடங்காகும். 2023இல் துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே காலநிலைப் பேரிடர்களால் பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கு உதவும் இழப்பு மற்றும் சேத நிதியத்துக்கு வரிசையாக வாக்குறுதிகள் குவிந்தன. ஐக்கிய அரபு அமீரகமும் ஜெர்மனியும் தலா 10 கோடி டாலர் என்றன, அமெரிக்கா 1.75 கோடி என்றது. இத்தளத்தை முதன்முறை திறப்பவர்கள் அந்த நிதியத்தின் பதிவுகளிலிருந்து தொடங்கலாம்.