ரெக்கவரி வண்டிக்குப் பின்கட்டு தூக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பைபாஸ் ஓர ஸ்பிரிங் பட்டறை ஒன்றில், பழுதான வண்டிகளைத் தூக்கி இழுக்கும் எங்கள் ரெக்கவரி வண்டியின் பின்கட்டை, அதாவது பின் ஆக்சிலில் பிளேட் பிளேட்டாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங்கை, இரண்டு அங்குலம் தூக்கச் சொல்லிக் கொடுத்தோம். பில்லில் இருந்தது: புது பிளேட் 2, யூ போல்ட் (கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிப்பது) 4, சென்டர் போல்ட் (பிளேட்டுகளை நடுவில் கோப்பது) 2. வண்டியில் இருந்தது: கறுப்பு பெயின்ட் அடித்த பழைய பிளேட், அதே பழைய யூ போல்ட், போதாக்குறைக்கு இடப்பக்கம் மட்டும் ஆக்சிலுக்கும் கட்டுக்கும் நடுவில் ஒரு இரும்புத் துண்டு. ஒரு மாதம்கூட ஓடவில்லை, இடப்பக்க மெயின் பிளேட் இரண்டாகிவிட்டது. கேட்டால், "ஓவர்லோடு அடிச்சிருப்பீங்க சார்."

ஓவர்லோடா இல்லையா என்பதற்கு உடைந்த இடமே துப்புக் கொடுக்கும். சென்டர் போல்ட் ஓட்டை வழியாகப் பிளேட் முறிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தளர்ந்த யூ போல்ட்டைத்தான். யூ போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும்வரை கட்டின் நடுப்பகுதி வளையாது. பிடி தளர்ந்தால் பள்ளத்துக்குப் பள்ளம் அங்கேயே வளையும். ஓட்டை இருக்கும் இடம் ஏற்கனவே பலவீனம், அங்கிருந்து விரிசல் தொடங்கும்.

யூ போல்ட்டைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். ஒருமுறை இறுக்கியபோதே அது நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி கிடைக்காது. சந்தேகமாக இருந்தால் புது நட் ஒன்றைக் கையால் சுற்றிப் பாருங்கள். பாதியில் சிக்கினால் மரை இழுபட்டிருக்கிறது. நான்கு நட்டையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கு, ஜாக்கியை எடுத்து வண்டி டயரில் நின்ற பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில். 100 கி.மீ. ஓடியதும் திரும்ப ஒரு தடவை. ஏர் கன்னில் இரண்டு நொடி 'டர்ர்' என்று விட்டுவிட்டு அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

பழைய பிளேட்டைக் கண்டுபிடிக்க நுனியின் அடிப்பக்கத்தில் விரல் வைத்துத் தடவுங்கள். கீழ் பிளேட்டின் முனை உரசிய இடத்தில் பள்ளம் தட்டுப்படும். ஓட்டை வட்டமாக இல்லாமல் நீண்டிருக்கும். பெயின்ட்டைச் சுரண்டினால் துருப் புள்ளிகள்.

இதைவிட மோசம் கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சி வளைப்பது. ஸ்பிரிங் எஃகை 850 டிகிரி வாக்கில் முழுப் பிளேட்டும் ஒரே சூடாக ஏற்றி, எண்ணெயில் குளிரவைத்து, பிறகு 400–500 டிகிரியில் பதம் கொடுத்தால்தான் விறைப்பு வரும். ஒரே இடத்தில் டார்ச் அடித்து ஆறவிட்டால் அந்த இடம் இளகிப்போகும். அன்றைக்கு உயரம் வரும், சில வாரத்தில் உட்கார்ந்துவிடும். தண்ணீர் ஊற்றியிருந்தால் கண்ணாடி மாதிரித் தெறிக்கும். வளைவு ஏற்றுவதென்றால் சூடாக்காமல் பிரஸ்ஸிலோ சுத்தியலிலோ செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதுக் கட்டு வாங்குங்கள்.

உயரம் கூட்ட ஆக்சிலுக்கும் கட்டுக்கும் நடுவில் பிளாக் வைப்பது தப்பில்லை, பின் ஆக்சிலுக்கு மட்டும், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில். ஆனால் அதன் மேல் குழியில் சென்டர் போல்ட் தலை உட்கார வேண்டும், அடியில் இருக்கும் முளை ஆக்சில் சீட்டுக்குள் இறங்க வேண்டும். வெட்டிப்போட்ட இரும்புத் துண்டில் இரண்டும் கிடையாது. ஆக்சில் நழுவி வண்டி கோணலாக ஓடும். கட்டின் முன்முனையை ஃபிரேமோடு பிடிக்கும் ஹேங்கர் பின்னிலிருந்து ஆக்சில் மையம் வரை இரு பக்கமும் டேப் வைத்தால் தெரிந்துவிடும்.

எந்தப் பட்டறையும் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. பின் ஆக்சிலோடு கம்பி இணைத்த எல்.எஸ்.பி.வி. வால்வு (சுமைக்கு ஏற்றபடி பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுவது) இருக்கும் வண்டியில், பின்பக்கம் உயர்ந்தால் வால்வு வண்டியைக் காலி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். சர்வீஸ் மேனுவல்படி அதைத் திரும்ப செட் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கொடுக்கும் முன்பே சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்று சமமாக்கி, சக்கர ஹப் மையத்திலிருந்து ஃபிரேம் வரை இரு பக்கமும் அளந்து ஜாப் கார்டில் எழுதவைக்க வேண்டும். கழற்றியதை எல்லாம் கேட்டு வாங்குங்கள்.

முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கிறது என்பதற்காகப் பின்னால் தூக்குவதாக இருந்தால், அந்தச் செலவே வீண். 3 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்) வண்டி, பின் ஆக்சிலுக்கு 1.5 மீட்டர் பின்னால் 800 கிலோ தூக்கினால், முன் ஆக்சிலில் 400 கிலோ குறையும், பின்னால் 1,200 கிலோ ஏறும். எத்தனை பிளேட் சேர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தூக்கும் எடையைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியை முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் ஃபிளாட்பெட்டைக் கூப்பிட வேண்டும்.